தலை போன ராஜா காலத்து நாற்காலி

பவளம்மாளிடம் வருகிறவர்களில் கேள்வியே கேட்காதவர் தேவநாதன் ஒருவர்தான்.

பவளம்மாள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். சாகப்போகிறவர்களின் பக்கத்தில் பல வருஷம் நின்றார். ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. முத்தியால்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அவருடைய அறை. காவி கிடையாது, படம் கிடையாது, நான்கைந்து பாய்கள் மட்டும். சாயங்காலமானால் சிலர் வந்து உட்காருவார்கள். எதையாவது கேட்பார்கள். அவர் பதில் சொல்வார், அல்லது எழுந்து போய் டீ போடுவார். அவருக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை.

தேவநாதன் அவரைவிட மூத்தவர். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி செங்கமலம் இறந்த பிறகு இங்கே வரத் தொடங்கினார். வந்த முதல் நாளிலிருந்தே அவர் முகத்தில் துக்கம் இல்லை. சட்டையில் கசங்கல் இல்லை. கண்ணை மூடி உட்காருவார், நேரமானதும் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போவார்.

"வாத்தியார் துக்கத்தத் தாண்டிட்டாரு" என்று பஸ் கண்டக்டர் சிவக்கொழுந்து மற்றவர்களிடம் சொல்வார். "நமக்குத்தான் ஒண்ணும் விடமாட்டேங்குது."

பவளம்மாள் அதைக் கேட்டும் கேட்காததுபோல் இருப்பார்.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஒரு சாயங்காலம், மழை விட்டிருந்தது. தேவநாதன் கண்ணைத் திறந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

சிவக்கொழுந்து திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"கேளுங்க" என்றார் பவளம்மாள்.

"ஒரு நாற்காலியில ஒருத்தர் உட்கார்ந்திருக்கும்போது, அந்த நாற்காலியத் தூக்கி வெளிய போடலாமா?"

யாரோ சிரித்தார்கள். பவளம்மாள் சிரிக்கவில்லை.

"உட்கார்ந்திருக்கிறது யாரு?"

"என் சம்சாரம்."

கீழே கடையில் ஒரு டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"நாற்காலி எப்படி இருக்கும்? சொல்லுங்க" என்றார் பவளம்மாள்.

தேவநாதன் இதை எதிர்பார்க்கவில்லை. மனைவியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்திருந்தார். ஆனால் சொல்ல ஆரம்பித்ததும் அவரால் நிறுத்த முடியவில்லை.

வைசியாள் வீதியில் அவர்கள் வீடு. செங்கமலத்தின் தாய்வழிச் சொத்து. அதன் கூடத்தில் ஒரு ஜோடி நாற்காலி இருக்கிறது. கப்பலேறி ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரக் குடும்பம், போகும்போது செங்கமலத்தின் பாட்டனாருக்கு விட்டுவிட்டுப் போனது. இருநூறு வருஷத்துக்கு மேல் பழசு. பிரான்ஸில் ராஜாவைத் தலைவெட்டும் மேடைக்குக் கொண்டுபோவதற்குக் கொஞ்சம் முந்தின காலத்து வேலை. வீட்டில் அதற்குப் பேரே 'தலை போன ராஜா நாற்காலி.'

"முதுகு முட்டை வடிவம்மா. ஒரு பெரிய பதக்கம் மாதிரி. உச்சியில மரத்துலயே செதுக்கின நாடா முடிச்சு. யாரு உட்கார்ந்தாலும் அவங்க தலையும் தோளும் அந்த வட்டத்துக்குள்ள வந்துடும். சட்டம் போட்ட படம் மாதிரி இருக்கும்."

"கால்?"

"அம்பறாத்தூணி மாதிரி. மேல பருத்து, கீழ சிறுத்து, நெடுக்க வரிவரியாப் பள்ளம். காலும் இருக்கையும் சேர்ற இடத்துல சதுரமா ஒரு கட்டை. அதுல ஒரு பூ. கைப்பிடி முன்னால வராது, பின்வாங்கி நிக்கும். அந்தக் காலத்துச் சீமாட்டிங்க பாவாடை அவ்வளவு அகலம். கசங்கக்கூடாதுன்னு அப்படிச் செஞ்சாங்க. செங்கமலம் சொல்வா, என் புடவைக்காகவே செஞ்ச நாற்காலின்னு."

"மெத்தை?"

"உள்ள குதிரைமுடி. மேல பச்சைப் பட்டு, வெளிறிப்போச்சு, சன்னமாக் கோடு போட்டது. உட்கார்ந்தா ஒரு சத்தம் வரும். எழுந்தா மெதுவா, ரொம்ப மெதுவா மேல எழும்பும். யாரோ மூச்சு விடுற மாதிரி." தேவநாதன் நிறுத்தினார். "அந்தச் சத்தத்தத்தான்மா நான் கேட்கிறேன். தினமும்."

"எப்ப?" என்றார் பவளம்மாள்.

"மத்தியானம் சாப்பிட்டதும் நாங்க ரெண்டு பேரும் எதிரெதிரா உட்காருவோம். அவ ஒண்ணுல, நான் ஒண்ணுல. அன்னிக்கும் அப்படித்தான். நான் பேப்பர்ல எதையோ படிச்சுட்டு அவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். அவ பதில் சொல்லல. சொல்ல மாட்டா, கேட்டுக்கிட்டிருப்பா. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தா. அந்த நாற்காலி சாயவிடாது. தலை அந்த வட்டத்துக்குள்ளயே இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், ஒரு ஈ அவ கண்ணு பக்கத்துல உட்கார்ந்திருக்கு."

தேவநாதன் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டார்.

"அவ போனதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் அவகிட்ட பேசிக்கிட்டிருந்திருக்கேன்மா. எப்பலேர்ந்துன்னு எனக்குத் தெரியாது."

"நிறுத்தினீங்களா?"

"இல்ல."

காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குப் போன மறுநாள், தேவநாதன் சாப்பிட்டுவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. மகள் மஞ்சரி வேலைக்குப் போயிருந்தாள். உச்சி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருந்தது. தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. அப்போது குதிரைமுடி நெரியும் சத்தம் கேட்டது. எதிர் நாற்காலியின் மெத்தை மெல்ல அமிழ்ந்தது. பட்டின் கோடுகள் எல்லாம் நடுவில் ஒரு பள்ளத்தை நோக்கி வளைந்தன. பிறகு அப்படியே நின்றன.

அவருக்குப் பயம் வரவில்லை. கையில் இருந்த பேப்பரைப் பிரித்தார். விட்ட இடத்திலிருந்து படித்துக் காட்டினார்.

வெயில் தரையை விட்டுச் சுவரேறும் நேரத்தில் மெத்தை பெருமூச்சோடு எழும்பியது. மறுநாள் மத்தியானம் மறுபடி அமிழ்ந்தது. லீவு நாளில்கூட மஞ்சரி சாப்பிட்டதும் உள்ளே போய்ப் படுத்துவிடுவாள், அவளுக்கு இது தெரியாது.

"பேசுவாங்களா?" என்றார் சிவக்கொழுந்து.

"பேச மாட்டா. கேட்டுக்கிட்டிருப்பா."

"இப்ப என்ன கஷ்டம்?" என்றார் பவளம்மாள்.

தேவநாதன் சொன்னார்.

போன மாதம் மஞ்சரியைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். மஞ்சரிக்கும் பிடித்திருந்தது. பையனை அவளுக்கு முன்பே தெரியும், ஒரே கம்பெனி. மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்தார்கள். கூடத்தில் நாற்காலிகள் போதவில்லை. தேவநாதன் பின்கட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவரப் போன நேரத்தில், பையனின் பெரியம்மா அந்தப் பச்சைப் பட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் உடனே எழுந்தார். கத்தவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. தண்ணீர் கேட்டார். குடித்தார். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிறவரை நின்றுகொண்டே இருந்தார். கிளம்பும்போது வாசலில் மஞ்சரியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"உங்கம்மா தலைக்குக் கரிசலாங்கண்ணி எண்ணெயாம்மா தேய்ப்பாங்க?"

"ஆமாம் பெரியம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் யாரோட மடியிலயோ உட்கார்ந்துட்டேம்மா."

அவர்களிடமிருந்து அப்புறம் பதில் வரவில்லை. பையன் மட்டும் போன் செய்தான். பெரியம்மாவுக்கு ஜுரம் இன்னும் விடவில்லை என்றான், கொஞ்ச நாள் போகட்டும் என்றான்.

அன்று சாயங்காலம் மஞ்சரி அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"காரியம் முடிஞ்சதுலேர்ந்து."

மஞ்சரி வெகுநேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏன் சொல்லல? அம்மா உங்களுக்கு மட்டுமா செத்தாங்க?"

அவள் ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அந்த நாற்காலி வெளியே போனால்தான் வீட்டுக்கு வருவேன் என்று போகும்போது சொன்னாள். பேய்க்குப் பயந்து சொல்லவில்லை, அவளுடைய குரலில் பயம் இல்லை. தேவநாதனுக்கு அதுதான் புரியவில்லை.

"ரெண்டு ஆளைக் கூட்டி வந்தேன்" என்றார் தேவநாதன். "தூக்கச் சொன்னேன். மத்தியான நேரம். தூக்க முடியலம்மா. அவ்வளவு சின்ன நாற்காலி, ஒரு ஆளே தூக்கலாம். ரெண்டு பேரும் முழிச்சாங்க. நானே அவங்களைப் போகச் சொல்லிட்டேன். ராத்திரியில தூக்கிடலாம், ஆனா மறுநாள் வந்து அவ எங்க உட்காருவா? உட்கார்ந்திருக்கிறவளைத் தூக்கி வெளிய போட எனக்கு என்ன உரிமை? அவ வீடு அது. அதனாலதான் கேட்கிறேன். போடலாமா?"

பவளம்மாள் எழுந்தார். டீ போடப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குச் சாப்பிட வரேன். மத்தியானம். உங்க பொண்ண சமைக்கச் சொல்லுங்க."

"அவ வரமாட்டாம்மா."

"நான் சாப்பிட வரேன்னு சொல்லுங்க. வருவா."

மஞ்சரி வந்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராக அடுப்படிக்குப் போனாள். பவளம்மாள் வந்தபோது சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

பவளம்மாள் கூடத்துக்குள் நுழைந்து சுற்றிலும் பார்த்தார். உயரமான கூரை. மரச்சட்டம் போட்ட ஜன்னல். நடுவில் அந்த இரண்டு நாற்காலிகள் எதிரெதிராக, ஒருவர் நடந்துபோகிற அளவு இடைவெளியில் நின்றன. சாம்பல் நிறப் பூச்சு உதிர்ந்த இடங்களில் பழைய தங்கம் மினுக்கியது. மெலிந்த கால்கள் தரையைத் தொட்டும் தொடாததுபோல் இருந்தன. கூப்பிடுவார்களா என்று நின்றபடியே காத்திருக்கும் வேலைக்காரர்களைப் போல இருந்தன அவை.

"நீங்க எப்பவும் எங்க உட்காருவீங்க?"

தேவநாதன் ஜன்னலுக்கு முதுகு காட்டியிருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க. எப்பவும் போல."

அவர் உட்கார்ந்தார். பவளம்மாள் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். ஆஸ்பத்திரியில் நின்று பழகிய நிற்பு அது. கை இரண்டையும் முன்னால் கோத்துக்கொண்டு, கட்டிலில் இருப்பவருக்கு இடைஞ்சல் இல்லாமல்.

வெளியே ஒரு காய்கறி வண்டிக்காரரின் குரல் தூரத்தில் போய்த் தேய்ந்தது. காகங்கள் ஓய்ந்தன. தரையில் கம்பிகளின் நிழல் குறுகியது. அடுப்படியில் கரண்டி ஒரு தரம் சட்டியில் தட்டியது. பிறகு அதுவும் நின்றது.

குதிரைமுடி நெரிந்தது.

பவளம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சைப் பட்டு அமிழ்ந்தது. முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். வயதான பெண் ஒருத்தி முழங்காலைப் பார்த்துப் பார்த்து உட்காருவதுபோல. முட்டை வடிவ முதுகின் உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த சுவர், அந்த வட்டத்துக்குள் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது.

தேவநாதன் முகம் மலர்ந்தது. மடியில் இருந்த பேப்பரை எடுத்தார். "செங்கமலம், இன்னிக்கு ஒருத்தவங்க வந்திருக்காங்க" என்றார். அந்தக் குரலைப் பாயில் உட்காருகிற யாரும் கேட்டதில்லை. இளைஞனின் குரல்.

பவளம்மாள் மெதுவாகக் கேட்டார்:

"எப்பவும் இப்படியேதான் உட்கார்ந்திருப்பாங்களா? நிமிர்ந்து?"

"ஆமாம்மா. அது சாயவிடாது."

"ரெண்டு வருஷமாவா?"

தேவநாதன் பேப்பரை மடியில் வைத்தார்.

"கிளம்பும்போது என்ன சொல்லி அனுப்புவீங்க?"

"என்ன சொல்வேன்... போயிட்டு வான்னுதான் சொல்வேன்."

பவளம்மாள் தலையசைத்தார். பிறகு சுவரை விட்டு விலகி அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போனார். ஒரு நோயாளியிடம் குனிவதுபோல் குனிந்தார்.

"அம்மா, செங்கமலம்மா. எனக்குக் கால் வலிக்குது. நின்னு நின்னு பழகின காலுதான், இன்னிக்கு முடியல. கொஞ்சம் எழுந்து இடம் தர்றீங்களா?"

தேவநாதன் பாதி எழுந்தார். "அம்மா, வேண்டாம்..." என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. பட்டின் கோடுகள் பள்ளத்தை நோக்கி வளைந்தபடியே இருந்தன. பவளம்மாள் குனிந்தபடியே நின்றார். அவசரம் இல்லை. கேட்டுவிட்டோம், கேட்கப்பட்டவர் யோசிக்கட்டும் என்பதுபோல்.

அப்புறம் மெத்தை எழும்பியது. ஒரு பக்கம் முதலில், பிறகு மறுபக்கம். அந்தப் பெருமூச்சு கூடம் முழுக்கக் கேட்டது. வழக்கமாகக் கேட்பதைவிட நீளமாக.

பவளம்மாள் திரும்பி உட்கார்ந்தார். முதுகை வட்டத்தில் பொருத்திக்கொண்டார். கைகளைக் கைப்பிடிகளில் வைத்தார்.

"சூடா இருக்கு" என்றார்.

தேவநாதன் எழுந்து நின்றுவிட்டார். கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். தூண், கடிகாரம், மாடத்து விளக்கு. சந்தையில் பிள்ளையின் கையை விட்டுவிட்டவர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.

"எங்க போனா? அம்மா, எங்க போனா அவ?"

பவளம்மாள் அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் ஏதோ ஒரு பாத்திரம் நகர்ந்தது. பிறகு மஞ்சரியின் குரல். கூப்பிடுகிற குரல் இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை கேட்பதுபோல:

"அம்மா?"

தேவநாதன் வாசல்வரை ஓடினார். உள்ளே போக முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மஞ்சரி அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். முதுகு அவர் பக்கம். அடுப்பு வெக்கையில் அவளுடைய பின்னல் கலைந்து நெற்றியிலும் கழுத்திலும் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கும்போதே, கழுத்தில் ஒட்டியிருந்த முடிகள் ஒவ்வொன்றாக விலகின. விலகிப் பின்னால் போயின. யாரோ விரலால் கோதி, சேர்த்து, பின்னலோடு வைத்து அழுத்துவதுபோல. மஞ்சரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்கிட்ட வரவே மாட்டேன்னு நெனச்சேம்மா" என்றாள். "அப்பாகிட்ட மட்டும் வந்தியே."

சோறு கொதித்தது. மூடி தாளம் போட்டது. அடுப்படி முழுக்கக் கரிசலாங்கண்ணி வாசனை.

"அந்தப் பையன் நல்லவன்தாம்மா. உனக்குப் பிடிக்கும். அவங்க பெரியம்மாவுக்கு ஜுரம் விடும்படி பண்ணிடு."

பிறகு பின்பக்கக் கதவுப் பக்கம் மெல்லத் திரும்பினாள். கிணற்றடிக்குப் போகிற கதவு. தாழ்ப்பாள் போடாமல் சாத்தியிருந்த அந்தக் கதவு இப்போது ஓர் ஆள் போகிற அளவு திறந்திருந்தது. வெயில் உள்ளே கோடு கிழித்திருந்தது.

தேவநாதன் அதைப் பார்த்துவிட்டார். இரண்டு வருஷப் பழக்கம். அவர் நாக்கு தானாக எழும்பியது.

"போயிட்டு..."

மஞ்சரி அப்பாவைப் பார்த்தாள். கோபம் இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு விரலைத் தன் உதட்டில் வைத்தாள். சின்ன வயதில் அம்மா தூங்கும்போது அவர் அவளுக்குக் காட்டிய அதே சைகை.

அவர் மிச்ச வார்த்தையை விழுங்கினார்.

மஞ்சரி கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"போம்மா."

வெயில் கோடு ஒரு கணம் மறைந்தது. மறுபடி தெரிந்தது. வாசனை போய்விட்டது. அடுப்படியில் சோற்றுக் கஞ்சியின் மணம் மட்டும் இருந்தது. மஞ்சரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோற்றைக் கீழே இறக்கினாள்.

தேவநாதன் கூடத்துக்குத் திரும்பி வந்தார். எப்படி நடந்து வந்தார் என்று அவருக்குத் தெரியாது. பவளம்மாள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பதக்கத்துக்குள் அவர் முகம் ஒரு பழைய ஓவியம்போல் அசையாமல் இருந்தது.

"போயிட்டாம்மா" என்றார் தேவநாதன்.

"ம்."

"நான் சொல்லல. அவதான் சொன்னா."

"கேட்டுச்சு."

தேவநாதன் அழுதார். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. நின்றபடியே, முகத்தை மூடாமல், கண்ணாடியைக் கழற்றாமல் அழுதார். பவளம்மாள் அவரைத் தடுக்கவில்லை, தேற்றவில்லை. அழுகை ஓய்ந்ததும் எழுந்து நாற்காலியை அவருக்குக் காட்டினார்.

"வாங்க. இதுல உட்காருங்க."

"அது அவ இடம்மா. அவ இருந்தபோதுகூட நான் அதுல உட்கார்ந்தது கிடையாது."

"அவங்க எழுந்து போயிட்டாங்க. உட்காருங்க."

அவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். முதலில் முதுகுதான் தெரிந்தது. எவ்வளவு விறைப்பான முதுகு இது! சாய்ந்தால் வளைவு தோள்பட்டையை முன்னால் தள்ளியது. கழுத்தைத் தளரவிட்டால் நாடா முடிச்சு பின்மண்டையில் குத்தியது. நிமிர்ந்து உட்காருவதைத் தவிர வேறு வழி இல்லை. முப்பது வருஷம் எதிரில் உட்கார்ந்தவருக்கு இது தெரியாது. அழகாக உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் தெரியும்.

அங்கிருந்து பார்த்தால் கூடம் வேறு மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியில் கொடித் துணிகள் தெரிந்தன. இடது பக்கம் திரும்பாமலே அடுப்படி வாசல் தெரிந்தது. மஞ்சரி குறுக்கே போவதும் வருவதும் தெரிந்தது. இலையைத் துடைக்கிறாள். அப்பளத்தை எடுக்கிறாள். எல்லாம் இங்கிருந்து தெரிகிறது. தன்னுடைய நாற்காலியிலிருந்து இதில் எதுவும் தெரிந்ததில்லை.

பிறகு அவர் எதிரே பார்த்தார்.

எதிரே அவருடைய நாற்காலி. அதே பதக்க முதுகு, அதே பச்சைப் பட்டு, அதே அம்பறாத்தூணிக் கால்கள். அவர் எழுந்து வெகுநேரம் ஆகிறது. அடுப்படிக்குப் போய், நின்று, அழுது, திரும்பி வந்து இங்கே உட்கார்ந்தும் ஆயிற்று.

மெத்தை எழும்பவில்லை.

பட்டின் கோடுகள் நடுவில் ஒரு பள்ளத்தை நோக்கி வளைந்து நின்றன. ஆழமான பள்ளம். கைப்பிடிகளின் மேல் பூச்சு, கை வைக்கிற இடத்தில், அழுந்திக் கிடப்பதுபோல் இருந்தது. காலடியில் பேப்பர் விழுந்து கிடந்தது. அதன் ஓரம் லேசாக அசைந்தது. காற்று இல்லை.

தேவநாதன் காத்திருந்தார். அந்தப் பெருமூச்சு வரும் என்று காது கொடுத்துக் காத்திருந்தார். குதிரைமுடி சில சமயம் தாமதமாக எழும்பும், அவருக்குத் தெரியும். கம்பி நிழல் தரையை விட்டுச் சுவரில் ஏறத் தொடங்கியது. அந்த முட்டை வடிவ வட்டத்துக்குள், பின்னால் இருந்த ஜன்னல் கம்பிகள் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தன.

பள்ளம் அப்படியே இருந்தது.

அவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா" என்றார். "அங்க உட்கார்ந்திருக்கிறது யாரு?"

பவளம்மாள் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். எதிர் நாற்காலியை ஒரு தரம் பார்த்தார். வார்டில் ஒரு கட்டிலைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார்.

"அன்னிக்குப் பேப்பர் படிச்சவரு, இன்னும் அங்கேயிருந்து எழுந்திருக்கல. அவரை எழுப்பத்தான் அந்தம்மா தினமும் வந்து உட்கார்ந்திருந்தாங்க."